சைபர் ஜூல்

இன்று காலை உமது வீட்டு மதினி நம் டியூஷன் வகுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தனுப்பியிருந்தார். "வீட்ல சும்மா கிடக்கு, பிள்ளைங்க உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டாராம். நீல நிறம், கைப்பிடியில் கீறல். எனக்கு அடையாளம் தெரிந்தது. நாற்காலிக்கு என்னைத் தெரிந்ததா என்பது குறித்துப் பாடநூலில் ஒன்றும் இல்லை.

நீர் போன பிறகு உமது பாடங்களும் என் தலையில். ஒளியும் கண்ணாடியும் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் நான். இப்போது வேலையும் ஆற்றலும் நானே. நீர் நடத்தும்போது, நம் இரு வகுப்புக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

"தாதர் ஸ்டேஷன்ல போர்ட்டர் தலையில பெட்டியோட பிளாட்பாரம் பூரா நடக்காரு. பெட்டியைச் சுமந்ததுல செஞ்ச வேலை?"

"சைபர்!"

"சைபர் என்ன, வாழைப்பழமா? யூனிட்டைச் சொல்லுங்கலே!"

"ஜூல், சார்!"

ஒரு நியூட்டன் விசை, அதன் திசையில் ஒரு மீட்டர் நகர்வு: ஒரு ஜூல். பெட்டியைத் தாங்கும் விசை மேல்நோக்கி, நகர்வோ பக்கவாட்டில். ஆகவே ஒன்றுமில்லை. போர்ட்டர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அந்த மத்தியானம் உமக்கு மூச்சு முட்டுகிறதென்று மதினி போன் செய்து, நான் ஓடி வந்தபோது, ஆம்புலன்ஸ் தொண்ணூறடி ரோட்டிலேயே நின்றுவிட்டது. தாராவிச் சந்துக்குள் அது வராது. நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போவதுதான் நம் வழக்கம். முன்னால் பக்கத்து வீட்டுத் தையல்காரர், பின்னால் நான். உமது உதடு கறுத்திருந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"சமதரை வே... என்னைத் தூக்குததுல உமக்கு வேலை சைபர். கூலி கேக்காதேயும்."

"பேசாம வாரும்."

"யூனிட்டு?"

"ஜூல் வே, ஜூல்! மூச்சை விடும் முதல்ல!"

சந்தின் முனையில் யாரோ புது ஃபிரிட்ஜ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கி நின்றது. "தோ மினிட், பாய், தோ மினிட்" என்று இரண்டு நிமிஷம் கேட்டார்கள். பின்னாலிருந்து மதினி அலறினார்: "நிக்காதிய அண்ணாச்சி, நடங்க!" எங்கே நடக்க? தையல்காரர் கீழே வைக்கலாமா என்றார். வேண்டாமென்றேன். வைத்தால் நீர் அங்கேயே தங்கிவிடுவீர் என்று பயம். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. நகர்வே இல்லை, எனவே உமது பாடப்படி அதுவும் சைபர். அப்போதுதான் உமது தலை பின்னால் சரிந்து என் வயிற்றில் சாய்ந்தது.

ஃபிரிட்ஜ் ஒருவழியாக அவர்கள் வீட்டுக்குள் போனது. ஓடினோம். ஆம்புலன்ஸ்காரர் உமது கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீச்சே ரக்கோ, அங்கிள்" என்றார். கீழே வைக்கச் சொல்கிறார் என்று புரிந்தது, கை திறக்கவில்லை. தையல்காரர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "வேலையே சைபர்னா போர்ட்டருக்கு ஏன் சார் கை வலிக்குது?" தசை ஆற்றலை எரிக்கிறது, அது வெப்பமாகிக் காற்றில் கலக்கிறது, அழிவதில்லை என்றேன். எழுதிக்கொண்டாள். எனக்குத்தான் போதவில்லை. அன்று நான் செய்தது வேலை இல்லையென்றால் அது என்ன வே? எதில் அளப்பது? உம்மைத் தவிர யாரிடம் கேட்பேன்?

ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் தூங்கிவழியும் யாராவது என்மேல் சாய்ந்தால் நான் அசைவதில்லை. மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நான் இறங்கவேண்டிய செம்பூர் வருகிறது, போகிறது.