பருப்பு வேகாத தண்ணீர்

9.2.81, திங்கள்

இன்று சொல்லாமல் விட்டது: பாவாயி சொன்னதில் முக்கால் பங்கு.

காலையில் பனி. ஏழரைக்கு ஜீப். நாமக்கல்லிலிருந்து முக்கால் மணி நேரம். வெளிநாட்டு உதவியில் போட்ட அடிகுழாய்களால் ஊருக்கு என்ன பயன் என்று மதிப்பிட ஹெலன் வந்திருக்கிறார். இன்று அவருக்கு மொழிபெயர்ப்பு. மற்ற நாளில் வீடு வீடாகப் படிவம் நிரப்பும் வேலை.

காலனிக் குழாயடியில் பெண்கள் வரிசை. குழாய் வருமுன் எடுத்த கணக்கில் பாதி வீடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுதான். இப்போது எல்லா வீட்டுக்கும் இந்தக் குழாய்தான். ஹெலன் முகமெல்லாம் சிரிப்பு. தோட்டத்துப் பண்ணயக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் வரிசையில் நின்ற பாவாயி, பக்கத்தில் வந்து, தணிந்த குரலில்: "ஏனுங்க அம்மிணி, இத்தன கேள்வி கேக்கறீங்க, பருப்பு வெந்துதான்னு ஒருத்தரும் கேக்கலீங்களே. இது சவுடுத் தண்ணீங்க. முன்ன பண்ணயக்காரர் கெணத்துல மோட்டார் ஓடறப்பத் தொட்டியில புடிச்சுக்குவம். பைப்பு போட்ட அன்னிக்கே தோட்டத்துக் கேட்டப் பூட்டிப்போட்டாங்க. உங்களுக்குத்தான் பைப்பு வந்திருச்சே, இங்கென்ன வேலைன்னு."

என்ன சொல்கிறார் என்றார் ஹெலன். பண்ணயக்காரர் பத்தடி தள்ளி நின்றார். பாவாயி அவர் காட்டில்தான் கூலிக்குப் போகிறாள்.

"தண்ணீர் கொஞ்சம் உப்பு என்கிறார்."

ஹெலன் எழுதிக்கொண்டார்: சுவை, சுமார்.

பாவாயிக்காகத்தான் மறைத்தேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். கையில் பண்ணயக்காரர் கொடுத்த இளநீர் இருந்தது என்பதும் உண்மை.

10.2, செவ்வாய்

பஸ்ஸில் தனியாகப் போனேன். செருப்பு வார் அறுந்தது, ஊக்கு போட்டு நடை.

பாவாயி வீட்டில் அடுப்பில் துவரம்பருப்பு. காலையில் வைத்ததாம். கரண்டியில் எடுத்துக் காட்டினாள். கல்.

"அம்மிணிக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

இல்லை என்றேன்.

அடுத்த வீட்டுக்காரி ராமாயி: "அதான் பாவம், ஊரூராப் பைப்ப எண்ணீட்டுத் திரியுது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். இந்த மாதத்தில் வாய்விட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

படிவத்தில் இருப்பது: குழாய் ஓடுகிறதா? நீர் எங்கே எடுக்கிறீர்கள்? பூட்டிய கேட்டுக்குக் கட்டம் இல்லை. வேறு வழி இல்லாததால் குழாயில் எடுக்கிறார்கள். அதற்குத்தான் 'முழுப் பயன்பாடு' என்று பெயர்.

12.2, வியாழன்

லீவு. துணி துவைத்தேன். அம்மா கடிதம்: ஜாதகம், எப்போது வருகிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடவில்லை.

நூலகத்து வங்க நாவல் முடிந்தது. மொழிபெயர்த்தவர் யாரோ, எதையெல்லாம் விட்டாரோ. இதை யாரிடம் சொல்வது? வீட்டுக்கார அம்மாளிடம் பேச இருப்பது வாடகையும் தண்ணீர் முறையும்.

சேலத்தில் தங்கியிருக்கும் ஹெலனுக்கு இரண்டு பக்கக் கடிதம். திங்களன்று விட்டதையெல்லாம் எழுதினேன். எந்தத் தகவலுக்கும் சொன்னவர் பெயர், வீட்டு எண் வேண்டும் என்பது ஆபீஸ் விதி. எழுதினேன்: பாவாயி, வீட்டு எண் 14. தபாலில் போட்டதும் மனசு லேசானது. ஓட்டலில் காபி, தனியாக.

17.2, செவ்வாய்

ஜீப்பில் ஏறும்போதே ஹெலன் கையில் என் கடிதம். நல்ல காரியம் செய்தாய் என்றார். கன்னம் சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்.

நேரே தோட்டத்துக் கேட்டுக்கே போனோம். காலனி முழுக்கக் கூடிவிட்டது. பதினான்காம் வீட்டுப் பாவாயி சொன்னது உண்மையா என்று பண்ணயக்காரரைக் கேட்கச் சொன்னார் ஹெலன். போன தடவை மாதிரி எதையும் விடக்கூடாது என்று இருந்தேன். ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். பெயரையும்.

பண்ணயக்காரர் கோபப்படவே இல்லை. "அதுக்கென்னங்க, மாடு நொழையக் கூடாதுன்னு போட்ட பூட்டு. பாவாயி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாத் தெறந்துட மாட்டனா? வெள்ளக்காரம்மா வரைக்கும் போகோணுமா, சாமி?"

கடைசி வரி பாவாயியைப் பார்த்து. அவள் தரையைப் பார்த்தாள்.

பூட்டைத் திறந்தார். ஹெலன் கை குலுக்கினார். கைதட்டல்.

திரும்பும்போது டிரைவர், ரோட்டைப் பார்த்தபடி: "பேர மட்டும் உட்டிருக்கலாமுங்க மேடம். அந்தம்மாவுக்கென்ன, தமிழா தெரியும்?"

ஹெலன் என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

24.2, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. மறு சரிபார்ப்பு, தனியாக.

கேட் திறந்திருக்கிறது. தொட்டியடியில் பத்துக் குடம். ராமாயி வீட்டில் பருப்பு மலர்ந்து வெந்திருந்தது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள், சாப்பிட்டேன்.

பாவாயி வீடு பூட்டு. ராமாயிதான் சொன்னாள்:

"தோட்டத்துல மரவள்ளிக் கெழங்கு புடுங்க எல்லாரையும் கூப்புட்டாங்க, அவளத் தவுத்து. புருசனையும் வேண்டாம்னுட்டாங்க. அஞ்சு நாள் பாத்தாங்க. அப்பறம் ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுல கெழங்குத் தோலு உரிக்கப் போறம்னு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"எந்த ஊர் மில்லு?"

"ஆத்தூருப் பக்கம்னாங்க. அங்க எத்தன மில்லு இருக்குதோ, யாரு கண்டா." என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினாள்.