மூக்குக்கு ஒரு கூடாரம்

நவம்பர் 12, செவ்வாய்

வரலாற்று வகுப்பில் தூக்கம். பள்ளிச் சாப்பாடு மீன் உருண்டை. மூன்று மணிக்கெல்லாம் இருட்டு. மற்றபடி இன்று ஒரு சாதனை படைத்தேன் — படைத்ததாகத்தான் நினைத்தேன்.

எங்கள் கடற்கரையின் பெருமையான புளித்த மீன் டின் ஒன்றைத் தோட்டத்தில் திறந்து, அதன் சாற்றை ஜாம் பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஆணியால் ஏழு ஓட்டை போட்டு, அப்பாவின் காரில் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்தேன். திறக்கும்போதே எனக்குக் கண்ணீர். வேலி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த என் நண்பன் எப்பெ, "இல்வா, உங்கப்பா பாலத்தைக்கூடத் தாண்ட மாட்டாரு" என்று பந்தயம் கட்டினான்.

அப்பா பாலத்தைத் தாண்டினார். தான் சமைக்கும் துறைமுகத்து உணவகத்துக்குப் போனார். மாலை அதே காரில் திரும்பி வந்தார். காலணியைக் கழற்றினார். செய்தித்தாளை விரித்தார்.

என்ன மனுஷர் இவர்? கல்லா?

நவம்பர் 13, புதன்

கல் நான்தான்.

நேற்று அப்பா, காரில் நாற்றம் ஏறிய தன் மேல்கோட்டை, உணவகச் சமையலறை வாசலில் மாட்டியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியிருக்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் மட்டும், அதாவது என் அப்பா, உள்ளே நின்று நிதானமாக சூப்பைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறார். உணவகத்தின் உரிமையாளர் கூன்வோர் கேட்டாராம்: "டோர்கெல், உனக்கு நாத்தமே வரலையா?"

ஆகஸ்ட் காய்ச்சலுக்குப் பிறகு வரவில்லையாம். நாற்றமும் வரவில்லை, வாசனையும் வரவில்லை. மூன்று மாதமாக மற்றவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே சமைத்திருக்கிறார். அவர்கள் புருவம் ஏறினால் உப்புக் குறைவு.

கூன்வோர் நேரில் வந்து எங்கள் வீட்டுச் சமையலறை மேஜை முன் உட்கார்ந்து சொன்னார்: "ஈஸ்டர் வரைக்கும் லீவு எடுத்துக்கோ, உன் இடம் உனக்குத்தான். அதுக்குள்ள மூக்கு வரலன்னா நான் வேற ஆள் பாக்கணும்ப்பா. என்னைத் திட்டாத."

அப்பா திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 24, ஞாயிறு

டாக்டர் கொடுத்த வைத்தியம்: நான்கு சின்னக் குப்பிகள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக முகர வேண்டும், மாதக்கணக்கில். மூக்குக்கு உடற்பயிற்சி. அப்பா ஒன்பது நாள் செய்தார். இன்று குப்பிகளை இழுப்பறையில் போட்டு மூடினார். "சென்ட்டு விக்கிறவன் மாதிரி இருக்கு. செத்த வாசனை. வந்தா என்ன, வராட்டி என்ன?"

வாசமில்லா வனவாசம் — என்று எப்பெயிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

செத்தது வேண்டாம் என்றால் உயிரோடு இருப்பது? இந்த நவம்பரில் எங்கே போக?

நவம்பர் 30, சனி

மொபெட்டுக்குச் சேர்த்த பணத்தோடு எப்பெயும் நானும் ரயிலேறி சுண்ட்ஸ்வால் நகரத்துக்குப் போனோம். செடிக் கூடாரம் வாங்க. வெளியே கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடி போல் மின்னும் பூச்சு, முன்னால் ஜிப், மேலே விளக்கு. குளிர்காலத்தை ஏமாற்றும் பெட்டி. ஏமாற்று வேலை என்றால் நமக்குப் பிடிக்குமே.

கடைக்காரர் கழுத்து நிறையப் பச்சை குத்தியிருந்தார். விளக்கைப் பற்றி விளக்கோ விளக்கென்று விளக்கினார். கடைசியில் ஒரு கனமான தகர உருளையைத் தூக்கி வைத்தார். "கரி வடிகட்டி. இதப் போட்டா வாசனை வெளிய போகாது, உள்ள என்ன வளருதுன்னு ஒரு ஈக்குக்கூடத் தெரியாது."

"வேண்டாம்ணே. வாசனை வெளிய வரணும். வீடு முழுக்க வரணும்."

அவர் என்னைப் பார்த்தார். எப்பெயைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "என்ன வளக்கப் போறீங்க?"

"பேசில் துளசி, டில் கீரை, தக்காளி."

"பதினேழு வருஷமா கடை வச்சிருக்கேன்," என்றார். "இங்க கஞ்சா வளக்க வர்றவங்களும் அததான் சொல்வாங்க. ஆனா வடிகட்டி வேண்டாம்னு சொன்ன மொத ஆளு நீதான். உண்மையாவே தக்காளியாம்மா?"

அறுபது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒன்று இருந்தது; நான்கு தொட்டியோடு நிறைந்துவிடும். நூற்றிருபது என்றால் அதில் நாங்களே குடியேறலாம். எண்பது எடுத்தோம். உயரம் நூற்றெண்பது. விளக்கு நல்லதாக, கூடாரம் சுமாராக: "துணி வளக்காது, வெளிச்சம்தான் வளக்கும்" என்றார். காற்றுக்கு ஒரு குட்டி ஃபேனை இலவசமாகக் கொடுத்தார். தக்காளிக்காகவாம்.

டிசம்பர் 7, சனி

மூக்குடைபட்டேன். நிலவறையில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைப்பதாகத் திட்டம். கம்பிகளைப் பொருத்தி, துணியை மாட்டி, நிமிர்த்தினால் — நிற்கவில்லை. வெந்நீர்க் குழாய் தரையிலிருந்து நூற்றெழுபத்தாறு. அந்த இடத்தில் அப்பா எப்போதும் குனிந்துதான் நடப்பார். பதினைந்து வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

வீட்டில் இரண்டடி சொச்சம் சதுரம் காலியாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்று: கூடத்து ஜன்னலோரம். கிறிஸ்துமஸ் மரம் வைக்கும் இடம்.

அம்மா இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்தாள். "மரத்துக்குப் பதிலா இந்தக் கறுப்புப் பீரோவா?"

"இதுக்குள்ளயும் மரந்தான்மா வரும். தவணை முறையில."

அம்மா எலக்ட்ரீஷியன். பீரோவை மன்னித்துவிட்டாள், கம்பியை மன்னிக்கவில்லை. "அடியே, தண்ணியும் கரண்ட்டும் ஒரே வீட்டுல குடியிருக்கு. கம்பி நேரா ப்ளக்குக்குப் போகக் கூடாது. கீழ தொங்கி வளஞ்சு மேல ஏறணும். அப்பதான் சொட்டு தரையில விழும், ப்ளக்குல விழாது." எல்லாவற்றையும் பிரித்து அவளே மாட்டினாள். விளக்கு, ஃபேன், டைமர், வெப்பமானி. விளக்கு பதினாறு மணி நேரம் எரியும், எட்டு மணி நேரம் அணையும்.

மாலை மூன்றரை. வெளியே மை. அம்மா சுவிட்சைப் போட்டாள். நான் ஜிப்பை இழுத்தேன்.

என்ன எழுதுவது? உள்ளே நண்பகல். ஜூன் மாத நண்பகல், அப்படியே மடித்து வைத்தது போல. என் கையின் ரோமம் ஒவ்வொன்றும் தெரிந்தது. நான், அம்மா, இருவரும் தலையை உள்ளே விட்டு அசையாமல் நின்றோம். அம்மா நாள் முழுக்க விளக்கு மாட்டுபவள். பிறகு அவளும் தன் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அப்பா சோபாவில் இருந்தார். திரும்பவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

லூசியா திருநாள் ஊர்வலத்தில் மெழுகுவர்த்தியோடு நடந்தேன். முன்னால் போனவளின் தலைமுடியைக் கொளுத்தவில்லை — இது என் பங்குக்குப் பெரிய தியாகம். வழியில் நூலக ஜன்னலில் இருந்த எலுமிச்சை வாசனை வீசும் ஜெரேனியம் செடியிலிருந்து ஒரு கிளை கிள்ளினேன். திருடிய கிளைதான் வேர் பிடிக்கும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் திருடுவதில்லை, அதுதான் குறை.

டிசம்பர் 14, சனி

பேசில் வந்துவிட்டது.

வந்துவிட்டது என்றா எழுதினேன்? நேற்று மண். இன்று மண்ணுக்கு முதுகு முளைத்து, கூன் போட்டு, தூக்குகிறது. கடுகைவிடச் சின்ன விதை தன்னைவிட ஐம்பது மடங்கு பெரிய மண்கட்டியைத் தலையில் வைத்து எழுந்து நிற்கிறது. நான் உடற்பயிற்சி வகுப்பில் மூன்று முறை கயிறு ஏற முடியாமல் விழுந்தவள். மரியாதையாக முழங்காலிட்டுப் பார்த்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

தக்காளி இலைகள் ஓரம் சுருண்டு வெளிறிவிட்டன. அம்மா விளக்குக்குக் கீழே, நாற்றுகளின் உயரத்தில், உள்ளங்கையை அரை நிமிடம் பிடித்தாள். "எனக்கே சுடுதே, அதுக்குச் சுடாதா?" விளக்கை ஒரு முழம் ஏற்றினோம். நான்கில் ஒன்று பிழைக்காது. என் அவசரம்.

டிசம்பர் 24, செவ்வாய்

பரிசுப் பொட்டலங்கள் கூடாரத்தைச் சுற்றி. அம்மா அதன் தலையில் வைக்கோல் நட்சத்திரம் கட்டினாள். அப்பா பண்டிகைக்கான பன்றித்தொடை ஹாம் வெட்டினார், தின்னவில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

விடுமுறையின் கடைசி நாட்கள். ஒரு வேலை செய்தேன்: பழைய கைபேசியைக் கூடாரத்துக்குள் கட்டி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்க வைத்தேன். இன்று எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன்.

தக்காளி ஆடுகிறது! நாம் பார்க்கும்போது சும்மா நிற்கிற செடி, பார்க்காதபோது தலையை வட்டமாகச் சுற்றி எதையோ தேடுகிறது. விளக்கு அணையும் முன்பே இலைகளைத் தாழ்த்துகிறது. டைமரில் மணி என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்? விளக்கு எரிவதற்குக் கொஞ்சம் முன்பே நிமிர ஆரம்பித்துவிடுகிறது, என்னைப் போல் மூன்று தடவை அலாரத்தை அடித்துப் போடுவதில்லை. காலையில் ஒவ்வோர் இலை நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். பனி இல்லை; வேரிலிருந்து ஏறி வந்து வழிகிறது.

நான் இதுவரை செய்த குறும்பு எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு தந்திரம் இல்லை. இத்தனையும் கூடத்தில் நடக்கிறது, ஒருவரும் கைதட்டுவதில்லை.

படத்தை அப்பாவிடம் காட்டினேன். "ம்" என்றார்.

ஜனவரி 12, ஞாயிறு

சண்டை. பேசில் இலையைக் கசக்கி அவர் மூக்கருகில் கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டார்.

"நான் செடி இல்லடி, தண்ணி ஊத்தினா வளர!"

எனக்கும் வந்துவிட்டது. "செடியாவது முயற்சி பண்ணுதுப்பா!"

சொல்லியிருக்கக் கூடாது. ஐயோ, என்னத்துக்குச் சொன்னேன்? அந்த பாட்டிலை வைக்காம இருந்தா அவர் பாட்டுக்குச் சமைச்சிட்டு இருந்திருப்பாரு. இருந்திருப்பாரா? எத்தனை நாள்?

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் கூடாரத்தின் முன்னால் சாப்பாட்டு நாற்காலி. ஜிப் திறந்திருக்கிறது. அப்பாவின் உடம்பு வெளியே, தலை உள்ளே.

"வாசனைக்கு இல்ல," என்றது கூடாரம். "வெளிச்சத்துக்கு."

"சரிப்பா."

"இந்தத் தக்காளித் தண்டுல மயிர் இருக்கே. இத்தன வருஷம் தக்காளி நறுக்கியிருக்கேன், இதப் பாத்ததே இல்ல."

"என் படத்துல ஆடினது அதுதான்."

கொஞ்ச நேரம் கழித்து: "அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு."

பிப்ரவரி 9, ஞாயிறு

அப்பா அம்மாவைக் கத்திக் கூப்பிட்டார்: "மரிட்! ஏதோ எரியுது! ரப்பர் கருகுது!"

அம்மா பாய்ந்து வந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். விளக்கைத் தொட்டாள், கம்பியை விரல் விரலாகத் தடவினாள், ஃபேனைக் கழற்றினாள். எதுவும் சூடாக இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரு நாற்றமும் வரவில்லை. தக்காளி இலைகளின் மணம் மட்டும். அப்பா அப்போதுதான் அதன் பக்கக் கிளைகளைக் கிள்ளியிருந்தார், விரல்கள் பச்சை.

விரலை மூக்கருகில் கொண்டுபோனார். குளியலறைக்கு ஓடினார். வாந்தி.

நாங்கள் மூவரும் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு மாதத்தில் முதல் வாசனை. கேவலமான வாசனை. அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டர் போனில் சொன்னாராம், இது நல்ல செய்தி என்று. மூக்கின் உச்சியில் இருக்கும் நரம்பு மறுபடி வளர்கிறது. நூல் நூலாக எலும்பில் இருக்கும் சின்ன ஓட்டைகளுக்குள் புகுந்து, மூளையில் தன் பழைய இடத்தைத் தேடுகிறது. பாதி தப்பான இடத்தில் போய் ஒட்டுகிறது, அதனால்தான் தக்காளி ரப்பராகிறது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "கம்பி மாறிக் கனெக்‌ஷன் குடுத்திருக்கு. வேற ஒண்ணுமில்ல."

எனக்கு வகுப்பில் எதுவும் ஏறவில்லை. அப்பாவின் நெற்றிக்குப் பின்னால், இருட்டில், வேர் விடுகிறது. யாரும் படம் எடுக்காதபோது தலையைச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது.

மார்ச் 8, சனி

தினமும் இருவேளை, கண்ணைக் கட்டிக்கொண்டு முகர்கிறார். கட்டுவது நான். காப்பி இன்னும் கருகல். வெங்காயம் குப்பைத்தொட்டி. பேசில் ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. ஆனால் இன்று ஜெரேனியம் இலையைக் கொடுத்தேன். வெகுநேரம் பிடித்திருந்தார்.

"எலுமிச்சை... இல்ல. எலுமிச்சை வேஷம் போட்ட இலை."

நான் சத்தம் போட்டதில் எப்பெ படிக்கட்டில் வழுக்கினான். அடுத்து என் காலுறையைக் கொடுத்தேன். பழக்க தோஷம். "இது உன்னோடது," என்றார், "இது எந்த நரம்புக்கும் தப்பாது."

ஏப்ரல் 5, சனி

ஜன்னலுக்கு வெளியே மாலை ஏழு மணிக்கும் வெளிச்சம். தக்காளி என் தோள் உயரம். கூன்வோர் வந்து கூடாரத்தைத் திறந்து, "அடேயப்பா" என்று சொல்லி, அப்படியே நின்றுவிட்டார். பிறகு அப்பாவைத் திங்கட்கிழமையிலிருந்து அரை நாள் வரச் சொன்னார். சோதனைக்கு.

அப்பாவுக்கு மகிழ்ச்சி இல்லை. மாலை சூப் வைத்தார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் என்னைக் கூப்பிட்டார். "டில் வருது... வருதுல்ல? சரியா சொல்றேனா? நீ மோந்து பாரு." நான்கு முறை. சரியாகத்தான் சொன்னார், நான்கு முறையும். நம்பவில்லை.

மூக்கு வந்துவிட்டது. மூக்கின் மேல் நம்பிக்கை வரவில்லை. அதற்கு எந்தக் கூடாரம் வாங்குவது?

ஏப்ரல் 8, செவ்வாய்

காலைச் சாப்பாடு. அப்பா கிளம்பும் அவசரத்தில், காப்பிக்காகப் பால் அட்டைப்பெட்டியைத் திறந்தார். நின்றார். மூக்கைச் சுளித்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் பாலைக் கொட்டினார், பெட்டியை அலசித் தட்டையாக மடித்துக் காகிதக் கூடையில் வைத்தார், கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என்னிடம் நீட்டவில்லை. யாரையும் கேட்கவில்லை.

அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், தடவிய இடத்திலேயே.

மடித்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். காலாவதித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. தொட்டிக்குள் குனிந்து நன்றாக மூச்சை இழுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் நின்ற ஒரு சொட்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

புளிப்பு. ஒரு மயிரிழை.