ஒரு படமும் தேறவில்லை

கச்சிராயபாளையம்
8.11.1987

அன்புள்ள தங்கமணிக்கு,

நலம். கரும்பும் நலம். நான் வைக்கிற ரசம் மட்டும் நலமில்லை. காரியம் முடிந்த கையோடு தம்பி வீட்டுக்குப் போனாய். பஸ் மறுபடி ஓட ஆரம்பித்து எத்தனையோ நாளாயிற்று. நீதான் ஏறக் காணோம்.

கள்ளக்குறிச்சியில் இந்த வாரம் இரண்டு படம். முதலாவதில் கதாநாயகன் கல்லூரி மாணவனாம்; தொப்பையைப் பார்த்தால் எனக்கு அண்ணன். அடுத்ததில் வில்லன் விடாமல் சிரிக்கிறான், கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் கிழிக்கிற மாயவனே, "உள்ள போயித்தான் ஆவணுமாண்ணே?" என்றான்.

எப்போது வருகிறாய்?

அன்புடன்,
ஆதிமூலம்

எலவனாசூர்கோட்டை
14.11.1987

மாமாவுக்கு,

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு தம்பி பொண்டாட்டி சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை.

இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப்போட்ட அந்த வாரம், வேடிக்கை பார்க்கப் போன புள்ளை மேல புளியமரம் சாய்ஞ்சுது. அவன் காரியத்தன்னிக்குப் பந்தியில நின்னு எல்லாரையும் சிரிக்க வெச்சீங்க. இதோட மூணு கடுதாசி. நடிகன் தொப்பைகூட இருக்கு, நம்ம புள்ளை பேரு ஒரு இடத்துலயும் இல்லை. அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வூட்டுக்கு நான் எதுக்கு வரணும்?

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைங்க.

தங்கமணி

கச்சிராயபாளையம்
22.11.1987

அன்புள்ள தங்கமணிக்கு,

மாட்டுக்கு வைத்தேன்.

நேற்றும் சினிமாவுக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கிறது.

படம் மகா மட்டம். மகன் செத்த சேதி வந்ததும் தாய்க்காரி தூணில் முட்டிக்கொண்டு மூன்று பக்க வசனம் பேசுகிறாள். வெளியே இடி, மின்னல். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. எனக்குக் கோபம்தான் வந்தது. படம் எடுத்தவன் எந்தத் தாயைப் பார்த்திருக்கிறான்?

அன்றைக்கு நல்ல வெயில். ரோட்டிலிருந்து இருசப்பன் ஓடிவந்து சொன்னபோது உன் கையெல்லாம் மாவு. நீ கத்தவில்லை. "மரத்தை எடுத்துட்டாங்களா? புள்ளைக்குக் கனக்குமே" என்று மட்டும் கேட்டாய்.

அதற்குப் பிறகு திரையில் என்ன நடந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என் தோளைத் தொட்டு, "இன்னாண்ணே, சினிமாவுக்குப் போயி இப்டி அழுவுறீங்க?" என்றார்.

"படம் நல்லால்லப்பா" என்றேன்.

இப்படிக்கு,
அறிவுச்செல்வன் அப்பா