இரண்டு முறை தொட்டால் பிரம்படி

14-8-1983, ஞாயிறு

கால்பந்தில் என் கால் பழக்கத்தைக் கெடுத்தவர் எங்கள் பி.டி. மாஸ்டர். பின்வரிசை ஆட்டக்காரன் பந்தை இரண்டு முறை தொட்டால் அவரிடம் பிரம்படி. வந்ததைத் தூர உதைக்க வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன பாடம் அது.

என்னோடு ஆடும் ஸ்டீபனும் பின்வரிசைதான். ஆனால் அவன் அப்பா ஆபீசர். மெட்ராஸில் நடந்த பயிற்சி முகாமுக்கு அனுப்பினார். அங்கே ஒரு ஜெர்மன்காரர் சொல்லிக்கொடுத்தாராம். இன்று கண்ணமங்கலத்தில் மாவட்டத் தேர்வு ஆட்டத்தில் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, நிதானமாக நடுவில் நின்றவனுக்குக் கொடுத்தான். எனக்கும் ஒரு பந்து வந்தது. எதிரில் யாருமில்லை. நிறுத்த நினைப்பதற்குள் கால் உதைத்துவிட்டது.

"இன்னாடா, பாம்ப கண்ட மாரி அடிக்கிற?" என்று ஸ்டீபன் சிரித்தான். மாவட்ட அணிக்கு அவனை எடுத்துக்கொண்டார்கள். வயிறு எரிகிறது.

ஆட்டம் முடிந்ததும் மாஸ்டரிடம் கேட்டேன். "அவன் நிறுத்தினா மட்டும் ஏன் சார் கை தட்டுனீங்க? எனக்கும் அத்த சொல்லிக்குடுங்க."

அவர் பந்தின் காற்றை இறக்கிக்கொண்டே இருந்தார்.