பெட்டைக் குட்டி கேட்டவளுக்கு

சட்டையில் நாய்க்குட்டி வாசம். புளித்த பால் மாதிரி இருக்கிறது. ஒரு தடவை துவைத்தால் போய்விடும், எனக்குத்தான் மனம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

காலையில் சிலமலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பொமரேனியன் குட்டிகள், கடுவன் ஒன்று, பெட்டை ஒன்று. நீ போய்ச் சேர்ந்தபின் வீட்டில் நான் ஒற்றை ஆள் என்று நம் பையன்கள் இருவரும் போனிலேயே பஞ்சாயத்து வைத்து, எனக்கு நாய் வாங்கத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். கடுவனாகப் பார்த்து வாங்குங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். அவர்கள் வாயில் வந்தது என் பேச்சுதான்.

அவர்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், தேவாரம் ஊரில் இதே மாதிரி இரண்டு குட்டிகளுக்கு முன்னால் நாம் நின்றோம். நீ பெட்டையைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாய். அது அங்கேயே தூங்கிவிட்டது. நான் விடவில்லை. பெட்டை என்றால் தெரு நாயெல்லாம் வாசலில் வந்து நிற்கும், குட்டி போட்டால் யார் பார்ப்பது, கடுவன் என்றால் ஒரு தொல்லையும் இல்லை என்று உலகத்து நாயெல்லாம் வளர்த்தவன் போலப் பேசினேன். நீ குட்டியின் தூக்கம் கலையாமல் இறக்கி விட்டாய். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடுவன் வளர்ந்து கண்ட இடத்தில் காலைத் தூக்க ஆரம்பித்ததும் என் சாயம் வெளுத்தது. மலையிலிருந்து ஜீப்பில் இறக்கும் ஏலக்காய் மூடைகளை முன்னறையில்தான் அடுக்குவோம். பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் ஏலக்காய் இழுத்துக்கொள்ளும் என்பது போடியில் எல்லோருக்கும் தெரியும், நாய்க்குத் தெரியவில்லை. வியாபாரி ஒரு கை காயை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே கொட்டிவிட்டுப் போய்விட்டார். நான் உன்னைத் திட்டினேன். நாயைக்கூடப் பார்க்காமல் வீட்டில் என்ன செய்கிறாய் என்று பையன்கள் முன்னாலேயே கேட்டேன்.

கெட்ட காயைத் தனியே பொறுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னாய்:

"நான் பொட்டைக் குட்டிதான கேட்டேன். மூணு ஆம்பளைகளுக்கு நடுவுல நான் ஒருத்தி. பேச்சுத் தொணைக்கு இன்னொருத்தி இருக்கட்டும்னுதாங்க கேட்டேன்."

உனக்கு ஒரு காரணம் இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்காவது நான் உனக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். வீராப்பில் எழுந்து கடைவீதிப் பக்கம் போய்விட்டேன். அப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த நாயைக் கடைசிவரை குளிப்பாட்டி, சோறு பிசைந்து வைத்தவள் நீதான்.

இன்று குட்டி வைத்திருந்தவர், தனியாளுக்குக் கடுவனே தோது என்றார். ஆபரேஷன் செய்துவிட்டால் எதுவானாலும் தொல்லையில்லை என்றும் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துக்குத்தான் அன்று அத்தனை பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பெட்டையைத் தூக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இப்போது அடுப்படி வாசலில் படுத்திருக்கிறது. நான் ஏதாவது பேசினால் காதைத் தூக்கிப் பார்க்கிறது. வந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று நீ சொன்னபோது, நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.