குழலில் கறள்

இஞ்சாருங்கோ,

ஈயக்குண்டு சுடுற உங்கட இங்கிலாந்துக் காத்துத் துவக்குகளைப் பார்க்க ஹனோவரிலையிருந்து ஒரு ஜேர்மன்காரர் வந்தவர். பழைய துவக்குச் சேர்க்கிற ஆள். வெள்ளைக் கையுறை போட்டுத்தான் ஒவ்வொண்டாய்த் தூக்கினவர். தொண்ணூறு வருசத்துப் பூச்சு அப்பிடியே இருக்கு, பெறுமதியே அதுதான் எண்டு சொல்லச் சொல்ல எனக்குப் பெருமையாய் இருந்தது.

கடைசியாய் உங்கட செல்லம், அந்தப் பேர்மிங்காம் துவக்கைத் தூக்கினதும் மனுசன்ரை முகம் மாறிப்போச்சு. குழலிலை விரல் பட்ட இடமெல்லாம் கறள்.

"இது புதுசு. ஆரோ போன கிழமை வெறுங்கையாலை பிடிச்சிருக்கினம். இனி பாதி விலைதான்" எண்டார்.

வேர்வை பட்டால் கறள் பிடிக்கும் எண்டு இருவது வருசமாய் என்னை அதுகளுக்குக் கிட்டவும் விடேல்லை நீங்கள். எத்தினை பேச்சு! உங்கட முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்ச கையோடை, கையுறை போட்டு, எண்ணெய் பூசி, அலுமாரியைப் பூட்டினது நான்தான். ஏழு மாசமாய் அந்தப் பூட்டின்ரை திறப்பு என்ரை இடுப்பிலை.

அவர் போனாப்பிறகு யன்னலடியிலை பிடிச்சுப் பார்த்தன். மூண்டு விரல் முழுசாய்ப் பதிஞ்சிருக்கு. சுண்டுவிரல் பாதிதான். வேலையிலை மெஷின் வெட்டின உங்கட சுண்டுவிரலும் அவ்வளவுதானே.

நான் ஒண்டையும் விக்கேல்லை. எண்ணெய்த் துணியை அலுமாரிக்குள்ளையே வைச்சிருக்கிறன். தொட்டால் துடைச்சு வையுங்கோ.

ஒண்டு மட்டும் கேக்கிறன். அவ்வளவு தூரம் வந்து துவக்கைப் பார்த்திட்டுப் போறீங்கள். நான் பக்கத்து அறையிலைதான் படுக்கிறன். கதவு பூட்டுறேல்லை.

கோவத்தோடை,
உங்கட மனுசி