கழுவிய சுவர்

அக்கா,

இன்று காலை வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். மூன்று நாள் மழையில் வாகனங்கள் நிறுத்தும் இடத்துக்குள் கணுக்காலளவு தண்ணீர் வந்து, நேற்றுத்தான் வடிந்தது. அந்த மணம் படியேறி மூன்றாம் மாடிக்கு வந்தபோது நான் காலைச் சாப்பாட்டில் இருந்தேன். பாதியில் எழுந்துபோய் எல்லா யன்னல்களையும் சாத்தினேன். “துப்புரவாக்கிற மணம்தானே, அதுக்கேன் முகத்தைச் சுழிக்கிறீர்?” என்று என் கணவர் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உங்களுக்குத்தான். நீங்கள் இல்லை என்று ஆன பிறகாவது.

நான் கொட்டாஞ்சேனையில் கிராம உத்தியோகத்தராக இருந்த காலத்தில் எல்லாருக்கும் நான் ஜி.எஸ். மிஸ். உங்களுக்கு மட்டும் அந்தப் பதவியின் பழைய பெயரில் விதானையார். பதினொன்றரைக்கு, துறைமுகப் பக்கத்து அலுவலகங்களுக்கு விற்கிற சோற்றுப் பார்சல்களை இரண்டு பெரிய பைகளில் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கும் வருவீர்கள். “எங்கட விதானையார் இண்டைக்கும் பட்டினியோட ஆட்சி நடத்துறாவோ?” என்று உங்கள் குரல் வாசலிலேயே கேட்கும். எனக்குத் தரும் பார்சலில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக இருக்கும். ஏனென்று கேட்டால், “அது கோழியின்ர பிழை” என்பீர்கள். உங்கள் வீடு கால்வாய்க் கரையில், லேனின் கடைசி வீடு. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தீர்கள். ஒரே மகள் அப்போது கட்டாரில் வேலை செய்தாள். அந்தச் சின்னக் குசினிதான் உங்கள் உழைப்பும் பொழுதும் எல்லாம்.

ஒரு வருடம் மழை பெய்யவே இல்லை. ஆறு வற்ற வற்றக் கடல்நீர் உள்ளே ஏறி, குழாயைத் திறந்தால் உப்புக் கரித்தது. “இதில சோறு காய்ச்சினா உப்புப் போடத் தேவையில்லை, அது ஒண்டுதான் லாபம்” என்றீர்கள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி எந்த லேனில் முதலில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. உங்கள் லேனை முதலில் எழுதினேன். நீங்கள் கேட்கவில்லை. பத்து மணிக்குள் சோறு வேகாவிட்டால் உங்கள் நாளே போய்விடும் என்று தெரிந்து, நானாகத்தான் எழுதினேன். என்னால் முடிகிறது என்ற பெருமையும் அதில் கொஞ்சம் இருந்தது.

இரண்டாம் கிழமையே பிரதேச செயலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. ஜி.எஸ். மிஸ் தன் சிநேகிதிக்கு முதலில் தண்ணீர் அனுப்புகிறா என்று. எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு இருத்தி, அமைதியாகத்தான் கதைத்தார். இன்னொரு முறை இப்படி வந்தால் இடமாற்றம் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை. நாலு பேர் பார்க்க உங்கள் கையால் பார்சல் வாங்கவே கூசினேன். நீங்கள் கவனித்தீர்கள். முட்டையை நிறுத்தினீர்கள்.

அதே வருடக் கடைசியில் பேய்மழை வந்தது. கால்வாய் நிரம்பி, ஒரு காலையில் லேனுக்குள் ஏறியது. நான் மீட்புப் படகில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் இடுப்பளவு தண்ணீர். படகுக்காரரும் நானும் உங்கள் காஸ் சிலிண்டரைப் பிடித்து மேசைமேல் ஏற்றினோம். “அரிசி மூட்டையை விட்டிட்டு நான் எங்க வாறது?” என்று நின்ற உங்களை நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து படகில் ஏற்றினேன். இதை உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. எனக்குத்தான் தேவை. அந்தத் தண்ணீருக்குள் நான் நின்றிருக்கிறேன். என் சேலை இடுப்பு வரை நனைந்தது.

தண்ணீர் வடிந்த பிறகு லேனில் ஒருவரும் சுவரைத் தொடவில்லை. வெள்ளம் பழகிய இடங்களில் எல்லாருக்கும் தெரிந்த முறை அது. ஜி.எஸ். வந்து பார்த்து நிவாரணப் பட்டியலில் எழுதும் வரைக்கும் சேற்றைத் தள்ளலாம், சாமான்களை வெளியே எடுக்கலாம், சுவரைக் கழுவக்கூடாது. தண்ணீர் நின்ற கோடுதான் சாட்சி. பக்கத்து வீட்டுக்காரி உங்களுக்கும் சொல்லியிருக்கிறா. நீங்கள் கேட்கவில்லை. கழிவுநீர்க் கானும் கால்வாயும் கலந்த தண்ணீர் உங்கள் குசினிக்குள் வந்தது என்று துறைமுகப் பக்கத்து அலுவலகங்களின் காதில் விழுந்தால், பிறகு யார் உங்கள் கைச் சோற்றை வாங்குவார்கள்? இரண்டு நாள் நிமிராமல் பிளீச்சிங் பவுடர் போட்டு உரஞ்சினீர்கள். அதற்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தீர்கள். வரப்போவது உங்கள் சிநேகிதி, கூட ஒரு பெரிய மனிதரும் வருகிறார், அவர்களை ஊத்தை வீட்டுக்குள் கூப்பிடுவதா என்ற மானம் வேறு.

மேலதிகாரி அன்று என்னோடு வந்தார். மற்ற வீடுகளில் நான் அளவுநாடாவைப் பிடித்தேன், அவர் பார்த்தார், நான் எழுதினேன். உங்கள் வாசலில் அவர் தயங்கினார். வெள்ளைச் சுவர், காய்ந்த நிலம், கதிரையில் தோய்த்த சீலை. பவுடர் மணம் கண்ணை எரித்தது. நீங்கள் சிரித்த முகத்தோடு, “வாங்கோ, இருங்கோ” என்றீர்கள்.

இங்கே தண்ணீர் வந்ததா என்று அவர் சிங்களத்தில் கேட்டார். நீங்கள் சுவரில் கையை வைத்து, இடுப்பளவில் காட்டி, உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் இவ்வளவுக்கு வந்தது என்றீர்கள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சுற்றுநிருபத்தின்படி அடையாளம் வேண்டும், மிஸ். ஆனால் அதிகாரி நேரில் கண்டிருந்தால் அதையும் எழுதலாம். நீங்கள் கண்டீர்களா?”

அக்கா, அந்த மனிதர் எனக்கு வழியை விட்டுத்தான் கேட்டார். அதிகாரிகளைத் திட்டித் தீர்ப்பது நமக்கெல்லாம் கை வந்த கலை. அன்று அந்த முன்னறையில் திட்டு வாங்க வேண்டிய அதிகாரி நான் ஒருத்திதான். எனக்கு மொட்டைக் கடிதம் நினைவுக்கு வந்தது. இடமாற்றம் நினைவுக்கு வந்தது. நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“அடையாளம் ஒன்றும் இல்லை, சேர்” என்றேன்.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது அவருக்கும் விளங்கியிருக்கும். நீங்கள் மெல்லச் சுவரிலிருந்து கையை எடுத்தீர்கள். எங்களைத் தேத்தண்ணீர் குடிக்காமல் போக விடமாட்டேன் என்றீர்கள். நான் இருந்து குடித்தேன். குடித்துவிட்டு, படிவத்தில் உங்கள் பெயருக்கு நேரே ‘பாதிப்பில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த நாள் பார்சலோடு வந்தீர்கள். “நீர் ஒண்டும் யோசியாதையும். கழுவினது என்ர பிழை. உமக்கு உத்தியோகம் இருக்கெல்லே” என்றீர்கள். ஏசியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி, அழுது, முடித்திருப்பேன். நீங்கள் அப்படிச் சொன்னதும் எனக்கு வசதியாகப் போனது. எனக்கு நானே வக்கீலாகி, அவவே தன் பிழை என்று சொல்லிவிட்டா என்று வழக்கை வென்றேன். நிவாரணப் பொதிதானே, அதை நான் வேறு வழியில் ஈடுசெய்துவிடலாம் என்று இரண்டு மூட்டை அரிசி அனுப்பினேன். ஒன்றைத் திருப்பி அனுப்பினீர்கள்.

அந்தப் பட்டியல் நிவாரணத்தோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருடம் கால்வாய்க்குக் கரைச்சுவர் கட்ட வந்தார்கள். எந்த வீடு வரை தண்ணீர் ஏறுகிறது என்று எங்கள் பட்டியலைப் பார்த்தே வரைபடம் போட்டிருந்தார்கள். சுவர் பக்கத்து வீட்டு மதிலோடு நின்றது. அது முடிந்த இடத்துக்கும் உங்கள் வாசல் படலைக்கும் நடுவில் ஒரு த்ரீவீலர் போகலாம். “பார்த்தீரே விதானையார், எனக்கு மட்டும் காத்து வர வழி விட்டிருக்கிறாங்கள்” என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஒரு பக்கக் கடிதம் போதும் அதைத் திருத்த. ஆனால் அந்தக் கடிதத்தில், நான் முதலில் எழுதியது பொய் என்று எழுத வேண்டும். மூன்று முறை கோப்பைத் திறந்து, மூன்று முறையும் மூடினேன்.

பிறகு வந்த வெள்ளத்தில் கரைச்சுவர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. லேனில் மற்ற வீடுகள் எல்லாம் தப்பின. மறிபட்ட தண்ணீர் முழுவதும் சுவர் முடிந்த இடத்தால் சுழன்று உங்கள் வீட்டுக்குள் போனது. இந்தமுறை நெஞ்சளவு. அடுப்பு, பானைகள், கட்டில், உங்கள் கலியாணப் படம் எல்லாம் போயிற்று. வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறைக்கு வந்தீர்கள். வீட்டுக்காரர் அங்கே பார்சல் சமைக்க விடவில்லை. வேலை இல்லாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்குச் சும்மா இருக்கத் தெரியேல்லை” என்று ஒரு நாள் சொன்னீர்கள். இரண்டு வருடத்தில் போய்விட்டீர்கள். டொக்டர் இதய நோய் என்றார். நான் அதை அப்படியே நம்ப விரும்பினேன்.

செத்த வீட்டில் உங்கள் மகள் என்னைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினாள். “இவதான் அம்மாவைத் தண்ணிக்குள்ளால இழுத்து எடுத்த ஜி.எஸ். அன்ரி. அம்மா போன்ல எப்பவும் சொல்லுவா” என்றாள். எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

போன கிழமை, இந்த மழைக்கு முன்னால், அவள் என்னைத் தேடி வந்தாள். கட்டாரிலிருந்து திரும்பி, வீட்டைத் திருத்தி, இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறாள். கரைச்சுவரை நீட்டுவதற்கு மீண்டும் அளக்கிறார்களாம்.

“சுவர் கட்டினதுக்கு முந்தின பழைய லிஸ்டைத்தான் பார்க்கினமாம், அன்ரி, அதில எங்கட வீட்டுக்குத் தண்ணி வரேல்லை எண்டு கிடக்காம். அதால எங்கட பக்கம் தேவையில்லையாம். ஆரோ பிழையா எழுதிப்போட்டினம். அந்த நேரம் நீங்கதானே ஜி.எஸ். தண்ணி வந்தது எண்டு ஒரு கடிதம் தருவீங்களா?”

அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. எழுதி வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். முதலில் எழுதியதில், தவறுதலாக விடுபட்டது என்று எழுதினேன். அலுவலகத் தமிழில் எந்தக் குற்றத்துக்கும் இப்படி ஒரு வசனம் இருக்கிறது. யார் தவறினார் என்று சொல்லத் தேவையில்லை. வாசித்துப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். மறுபடி எழுதினேன். அந்த வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றதை நான் நேரில் கண்டேன். கண்டும், பாதிப்பில்லை என்று எழுதியது நானே. கீழே என் பெயர், அன்றைய பதவி, கையெழுத்து.

நேற்று வந்தாள். இந்த மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றதாம், பிள்ளைகளைக் கட்டிலில் ஏற்றி வைத்திருந்தாளாம். கடிதத்தை நின்றபடியே வாசித்தாள். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“ஓம். பக்கத்திலதான் நிண்டவ.”

“பிறகேன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?”

உங்களைப் பெற்ற தாயாகத் தெரிந்தவளுக்கு, உங்களைச் சிநேகிதியாகத் தெரிந்த நான் விளக்கம் சொல்லலாமா? தெரியாது பிள்ளை என்றேன். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அதைக் கொண்டு சுவர் நீளுமோ, காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்புவார்களோ, தெரியவில்லை. எப்போதும் “போயிட்டு வாறன் அன்ரி” என்று சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

அவளைக் கூப்பிட்டு நிறுத்தி மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அது உங்களிடம் கேட்க வேண்டியது, அக்கா. அந்த மேல்மாடி அறையில் நீங்கள் இருந்த இரண்டு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வந்தேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, கதிரையை எனக்கு விட்டுவிட்டு, நீங்கள் கட்டிலில் இருந்து என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் மீன் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.